ஆத்தாவுக்குக் கிரியாட்டினின் நார்மல், யூரினில் ஆல்புமின் ஒரு பிளஸ். விட்டுவிடலாமா?

கண்டனூர் வள்ளி

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் இருக்கும் எங்கள் ஆத்தாவுக்கு 64 வயது. சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரஷருக்கு ஆம்லோடிபின் போடுகிறார். போன வாரம் காரைக்குடியில் ரத்தம், யூரின் இரண்டும் கொடுத்துப் பார்த்தோம். மூன்று மாதச் சராசரிச் சுகர் 8.1. கிரியாட்டினின் 1.1. பக்கத்திலேயே 0.6 முதல் 1.2 வரை சரி என்று அச்சடித்திருக்கிறார்கள். யூரினில் மட்டும் ஆல்புமின் ஒரு பிளஸ்.

ரிப்போர்ட்டைக் காட்டியபோது "கிட்னி நார்மல், சுகரைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பச்சியும் (எங்கள் அப்பா) அதையேதான் சொல்கிறார்கள். கால் வீங்கவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், காலையில் எழுந்து வளவு முழுக்க அவளே கூட்டுகிறாள், இல்லாத வியாதியை ஏன் இழுத்துவிடுகிறாய் என்கிறார்கள். எனக்கு அந்த ஒரு பிளஸ் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் லேப்காரர்

வள்ளி ஆச்சி, விடாதீர்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சிகிச்சையை டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் இந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று நான் சொல்லலாம்.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. உடம்பில் சதை அதிகம் இருந்தால் அது அதிகம் உண்டாகும், குறைவாக இருந்தால் குறைவாக உண்டாகும். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் எல்லையோ பெரும்பாலும் வயது பார்ப்பதில்லை. அதனால்தான் இஜிஎஃப்ஆர் என்ற கணக்கு வந்தது. கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் போட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்கிடுவார்கள். இப்போது பயன்படும் 2021 சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 25 வயதுப் பையனுக்குக் கிரியாட்டினின் 1.1 என்றால் இஜிஎஃப்ஆர் சுமார் 95, குறையே இல்லை. அதே 1.1 உங்கள் ஆத்தாவுக்கு 56-தான் வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அச்சடித்த எல்லையைத் தாண்டினால்தான் தாளில் தடித்த எழுத்தில் வரும், இதில் அது இல்லை என்பதால் யாருக்கும் கண்ணில் படவில்லை.

இன்னொன்று, அந்த ஒரு பிளஸ். சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கில் இருக்கும் நுண்ணிய வடிகட்டிகள் ஆல்புமின் என்ற புரதத்தை வெளியே விடக்கூடாது. சுகரும் பிரஷரும் அந்தச் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கும்போது முதலில் நழுவுவது அதுதான். பல பேருக்குக் கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே யூரினில் ஆல்புமின் வர ஆரம்பித்துவிடும். கிரியாட்டினின் மெத்தனமான ஆள். சிறுநீரக வேலைத்திறனில் பாதி போகும்வரைகூட அது அச்சடித்த எல்லைக்குள்ளேயே இருக்கலாம்.

இப்போது கேட்க வேண்டிய டெஸ்ட் 'யூரின் ஆல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ'. லேபில் ஏசிஆர் என்றால் புரிந்துகொள்வார்கள். 24 மணி நேரம் கேனில் பிடிக்கத் தேவையில்லை, காலை முதல் யூரின் கொஞ்சம் போதும். 30-க்குக் கீழ் சரி. 30 முதல் 300 வரை கவனிக்க வேண்டியது. 300-க்கு மேல் போனால் சிறுநீரக டாக்டரிடமே போய்விடலாம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன் இருக்கும்போது கொடுக்காதீர்கள், பொய்யாக ஏறும். ஒருமுறை ஏறியிருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும்.

கோட்டையூர் மாணிக்கம்

எல்லோரும் சொல்வதற்கு எதிராகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நன்றாக நடமாடுகிற வயதானவர்களைக் கூட்டிப்போய் டெஸ்ட் டெஸ்ட்டாக எடுத்துப் பயமுறுத்துவது இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. மதுரையில் ஒரு இடத்தில் என் அண்ணனுக்கு 'ஃபுல் பாடி பேக்கேஜ்' என்று அறுபது எழுபது டெஸ்ட் எடுத்தார்கள். அதில் ஒன்று இரண்டு எல்லைக்கு வெளியே வந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் ஒன்றுமே இல்லை. அந்தக் கவலையில் மனிதர் தூக்கமில்லாமல் கிடந்தார். வயதானால் சிறுநீரகமும் கொஞ்சம் தளரத்தானே செய்யும்? 64 வயதில் 56 இருந்தால் அதை நோய் என்பதா, வயது என்பதா?

புதுவயல் லேப்காரர்

மாணிக்கம் அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். எழுபது டெஸ்ட் பேக்கேஜை நானே யாருக்கும் சொல்வதில்லை. சுகரும் பிரஷரும் இல்லாத, வீட்டில் யாருக்கும் கிட்னி கோளாறு இல்லாத இளவயதுக்காரர் வருஷா வருஷம் கிட்னி டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் சிலருக்குக் கட்டாயம் வேண்டும். சுகர் உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது சிறுநீரகம் செயலிழந்தவர்கள், அடிக்கடி கல் வருகிறவர்கள், வலி மாத்திரையை வழக்கமாக வைத்திருப்பவர்கள். இரண்டாம் வகைச் சுகருக்கு, கண்டுபிடித்த அன்றே ஒருமுறை பார்த்து, பிறகு வருஷம் ஒருமுறை பார்க்கவேண்டும். சுகர் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, கண்டுபிடிக்கும் நேரத்திலேயே ஆல்புமின் வந்திருக்கும் ஆட்கள் உண்டு. வேண்டியதும் இரண்டே இரண்டு டெஸ்ட்தான். ரத்தத்தில் கிரியாட்டினின், யூரினில் ஏசிஆர். சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம்.

வயதுக்குத் தளர்வது உண்மைதான். வெறும் 56, யூரினில் ஆல்புமின் இல்லை, பிரஷரும் கட்டுக்குள் என்றால் எந்த டாக்டரும் பதறமாட்டார். 56-ம் ஆல்புமினும் சேர்ந்து வருவது வேறு கதை. ஆல்புமின் போவது சிறுநீரகத்துக்கு மட்டும் எச்சரிக்கை இல்லை, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் சேர்த்துத்தான். சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் வரைக்கும் போவதே இல்லை. அதற்கு முன்பே இதயம் அவர்களைக் கொண்டுபோய்விடுகிறது.

பள்ளத்தூர் அண்ணாமலை

மாணிக்கம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அண்ணன் கல்யாணச் சமையல் செய்பவர். முகூர்த்த நாள் வந்தால் இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டினால் மதியப் பந்தி முடியும்வரை அனலிலேயே நிற்பார். தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. முட்டி வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார், அது பல வருஷப் பழக்கம். பிரஷர் இருந்தது தெரியும். தலைவலி வந்தால்தான் மாத்திரை. 52 வயதில் ஒருநாள் சாப்பாட்டு வாசனையே ஆகவில்லை என்றார். அவர் கையால் செய்த குழம்பின் வாசனையே குமட்டுகிறது என்றார். அல்சர் என்று நினைத்து அதற்கு வைத்தியம் நடந்தது. உடம்பெல்லாம் அரிப்பு, இரவில் மூச்சு முட்டல். அப்புறம்தான் ரத்தம் பார்த்தார்கள். கிரியாட்டினின் 9.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். போக வர, காத்திருக்க, திரும்பி வந்து படுத்துக்கிடக்க என்று அந்த நாளே போய்விடும். இடது மணிக்கட்டில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். அங்கே விரல் வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு ஓடுவது தெரியும். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அந்த அதிர்வு நின்றால் ஊசி போட வழியில்லை. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, பாத்திரம் தூக்கக்கூடாது. நூறு பேருக்குச் சோறு வடித்த கை அது. நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரை ஒரு எவர்சில்வர் சொம்பில் அளந்து வைத்துவிடுகிறார் மதனி, மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதற்குள்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் நடக்கிறது, அந்த வகையில் பெரிய உதவி. ஆனால் தொழில் போய்விட்டது.

என்னை இன்றுவரை அரிப்பது ஒன்றுதான். மருத்துவமனைக்குப் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துப்போனபோது, நான்கு வருஷம் முந்திய ஒரு யூரின் ரிப்போர்ட் அதில் இருந்தது. ஏதோ ஹெர்னியா ஆபரேஷனுக்காக எடுத்தது. ஆல்புமின் இரண்டு பிளஸ் என்று போட்டிருந்தது. ஆபரேஷன் நடந்தது, தையல் பிரித்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வரியைப் பற்றி அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணே, அன்றைக்கு யாராவது பயமுறுத்தியிருந்தால் இன்றைக்கு அவர் அடுப்படியில் நின்றிருப்பார்.

கோட்டையூர் மாணிக்கம்

அண்ணாமலை தம்பி, மனசு கனத்துவிட்டது. உங்கள் அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழி உண்டா?

பள்ளத்தூர் அண்ணாமலை

மதனிக்குச் சுகர் இருப்பதால் கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதிந்து காத்திருக்கிறோம் அண்ணே.

மருந்துக்கடைப் பழனியப்பன்

சிவகங்கை ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வலி மாத்திரை பற்றி நான் பேசியே ஆகவேண்டும்.

டைக்லோஃபினாக், அசிக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். வலியைக் குறைக்கும் அதே வேலையில், சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் குழாயையும் சுருக்கிவிடும். நல்ல உடம்புக்கு இரண்டு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது, அதுவும் டெல்மிசார்டன், ராமிப்ரில் வகைப் பிரஷர் மாத்திரையும் யூரின் போகிற மாத்திரையும் கூடவே போடுகிறவர் இதை விழுங்கினால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சில நாளிலேயே முடக்கிவிடக்கூடும்.

இதை ஏன் நம் ஊர்க்காரர்களிடம் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தை மாதம். குன்றக்குடியில் காவடி புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறோம். பகலில் வெயில், காலில் கொப்புளம், தொடை பிடிப்பு. புறப்படுவதற்கு முந்தின வாரம் என் கடைக்கு வந்து வலி மாத்திரை அட்டை அட்டையாகக் கேட்பார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே சுகர், பிரஷர் மாத்திரைக்கு என்னிடம் கணக்கு வைத்திருப்பவர்கள். வழியில் சேவை செய்பவர்களும் நல்ல மனசில் மாத்திரையை அள்ளிக் கொடுக்கிறார்கள். முருகன் மேல் பாரத்தைப் போட்டு நடப்பவருக்குப் பாரசிட்டமால் போதும், தைலம் போதும், இளைப்பாறித் தண்ணீர் குடித்தால் போதும். நான் அவர்களுக்கு அந்த அட்டையைக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

தேவகோட்டை சொக்கு

தினமும் நான்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் கிட்னி பிரச்சினையே வராது என்கிறார்களே? எங்கள் ஆயா மூக்கிரட்டைக் கீரை, நெருஞ்சில் கஷாயம் வைத்துக் கொடுப்பார். அதெல்லாம் போதாதா?

புதுவயல் லேப்காரர்

தம்பி, நீங்கள் சொல்வது கல்லுக்கான பேச்சு. கல் வந்தவர்கள் நிறையத் தண்ணீர் குடிப்பது சரிதான். சுகராலும் பிரஷராலும் வடிகட்டி கெடுவதைத் தண்ணீர் தடுக்காது. நோய் முற்றி கால் வீங்கியிருப்பவர் ஐந்து லிட்டர் குடித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தாகத்துக்குக் குடியுங்கள், வெயிலில் வேலை செய்தால் கூடக் குடியுங்கள், அவ்வளவுதான்.

ஆயா செய்த கீரைக் கூட்டைக் குறை சொல்லமாட்டேன். என் பயம் எல்லாம் பாக்கெட்டில் வருகிற, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத சூரணமும் பற்பமும்தான். பாதரசம் கலந்த மருந்தால் யூரினில் புரதம் கொட்டுகிற நோய் வந்ததை வேலூர் சிஎம்சி டாக்டர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கேரளாவில் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களுக்கே இதே நோய் வந்தது. நிறுத்தியதும் பலருக்குச் சரியாகிவிடும் என்பதுதான் ஆறுதல். கஷாயம் குடிப்பவர் ஏசிஆரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குடிக்கலாமே.

சிங்கப்பூர் நாச்சி

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. எங்கள் வீட்டில் இது பரம்பரை. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வளரும் நோய். அப்பச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல் தெரிந்தது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதும் நாங்கள் எல்லோரும் ஸ்கேன் எடுத்தோம். தம்பிக்கு இருக்கிறது. அவனுக்கு முப்பதுகளிலேயே பிரஷர் ஏறியிருந்தது, அதுவும் அப்போதுதான் தெரிந்தது. மாத்திரை போட்டுப் பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருக்கிறான், இன்றைக்கு நன்றாக வேலைக்குப் போய் வருகிறான்.

பெண் பார்க்கிற நேரத்தில் வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று சித்தப்பா வீட்டில் மட்டும் எடுக்க மறுத்துவிட்டார்கள். இதைத்தான் என்ன சொல்லி மாற்றுவது என்று தெரியவில்லை. ஸ்கேன் எடுக்காததால் கட்டி வளராமல் இருக்கப்போவதில்லை.

அப்புறம் ஒரு யோசனை. நம்மில் பெற்றவர்களுக்குச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) என்றால் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளைகள் ஊருக்கு வந்துவிடுகிறோம். வந்த இடத்தில், மறுநாளே ஆத்தா அப்பச்சி இருவருக்கும் இந்த இரண்டு டெஸ்ட்டையும் எடுத்துவிடலாம். போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். நேரில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் வருவார்கள்.

கண்டனூர் வள்ளி

எல்லோருக்கும் நன்றி. ஏசிஆர் 142 வந்தது. இன்ஃபெக்ஷன் இல்லை என்று யூரின் கல்ச்சரும் பார்த்துவிட்டோம். மதுரையில் சிறுநீரக டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார். ஆல்புமின் கசிவைக் குறைக்க டெல்மிசார்டன் தொடங்கியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு, அப்புறம் டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையைச் சேர்க்கலாம் என்றார். கண் நரம்பையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், சுகர் அங்கேயும் இதே வேலையைச் செய்யுமாம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப ஏசிஆர்.

அப்பச்சி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அவர்களாகவே பிரஷர் மெஷின் வாங்கி வந்து ஆத்தாவுக்குத் தினமும் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னதுதான் வீட்டில் பெரிய விவாதமாக இருக்கிறது. உப்புக்குப் பதில் 'லோ சோடியம்' உப்பு வாங்கலாமா?

மருந்துக்கடைப் பழனியப்பன்

டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள் ஆச்சி. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இதயத்துக்கு ஆபத்து.

மாத்திரை தொடங்கியபின் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம். முப்பது சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், டாக்டர் பார்த்துக்கொள்வார். வாந்தி பேதி வந்த நாளில் மட்டும் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். டாபாகிளிஃப்ளோசின் முன்பு கை கடிக்கிற விலை. 2020-ல் காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் போடுவதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

பள்ளத்தூர் அண்ணாமலை

உப்பு விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன் ஆச்சி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு ஐந்து கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்தால் ஆளுக்கு உடனே தெரிந்துவிடும், சண்டை வரும். முதலில் பக்கத்தில் வைப்பதை நிறுத்துங்கள். நம் வீட்டில் மோர் மிளகாய், வத்தல், அப்பளம், ஆவக்காய், உப்புக்கண்டம் என்று உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மதனி காரத்தையும் புளிப்பையும் அப்படியே வைத்து உப்பை மட்டும் வாரா வாரம் குறைத்தார். மிளகு சீரகம் வறுத்துப் பொடித்துப் போட்டால் நாக்கு ஏமாந்துவிடும். கொஞ்ச நாளில் வெளியே சாப்பிட்டால்தான் கரிக்கிறது என்று அண்ணனே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கோட்டையூர் மாணிக்கம்

இந்த இழையைப் படித்தபின் நானும் போய் ஏசிஆர் கொடுத்தேன். எனக்குப் பிரஷர் உண்டு, இதுவரை யூரின் பார்த்ததே இல்லை. 18 வந்தது. நிம்மதி.

எங்கள் பகுதியிலிருந்து ஒரு கூட்டம் தையில் பழனிக்கு நடந்து போகிறது. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல். புறப்படுமுன் எல்லோருக்கும் பிரஷரும் இந்த இரண்டு டெஸ்ட்டும் பார்த்துவிட ஏற்பாடு செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். லேப்காரத் தம்பி, எப்போது வைத்தால் சரியாக இருக்கும்? எல்லோருக்கும் ஏசிஆர் கட்டுப்படியாகுமா?

புதுவயல் லேப்காரர்

தாராளமாக வைக்கலாம் அண்ணே. மார்கழி நடுவிலேயே முடித்துவிடுங்கள், யாருக்காவது ஏறியிருந்தால் திரும்பப் பார்க்கவும் டாக்டரைப் பார்க்கவும் நாள் இருக்கும். நடந்து திரும்பிய கையோடு வைத்தால் களைப்பிலேயே ஆல்புமின் வரும், குழப்பம்தான். கிரியாட்டினினுக்கு வெறும் வயிறு தேவையில்லை. முந்தின இரவு கறிச்சோறு மட்டும் வேண்டாம், அதனாலும் கொஞ்சம் ஏறும். விரத காலம் என்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இருக்காது.

செலவு குறைக்க ஒரு வழி. சுகர், பிரஷர் இல்லாதவர்களுக்கு முதலில் யூரினில் ஸ்ட்ரிப் (நிறம் மாறும் பட்டை) மட்டும் நனைத்துப் பார்ப்போம். அதில் ஏதாவது காட்டினால் ஏசிஆர். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு நேரடியாக ஏசிஆர்தான், ஏனென்றால் ஆரம்பக் கசிவை ஸ்ட்ரிப் தவறவிட்டுவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். 2023-ல் தொடங்கிய 'சிறுநீரகம் பாதுகாப்போம்' திட்டத்தில் அங்கே ஸ்ட்ரிப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கும் பெண்களிடம் சொன்னால் வழிகாட்டுவார்கள்.

பெயர்ப் பட்டியலில் வயது, ஆணா பெண்ணா, சுகர் பிரஷர் உண்டா, என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று நான்கையும் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இஜிஎஃப்ஆரை நானே கணக்குப் போட்டுப் பெரிய எழுத்தில் அடித்துத் தருகிறேன். வலி மாத்திரை போடுகிறவர்களைப் பழனியப்பன் அண்ணனிடம் அனுப்பிவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.